மருத மரத்தில் தொங்கிய பெட்டி

காட்டுக்குள் இருந்த நாவல்மடு என்ற நீர்நிலையின் கரையில் புள்ளிமான்களும் மந்திகளும் கூட்டுக் குடித்தனம் நடத்தின. மந்திகளுக்கு மாடி, மான்களுக்குத் தரை.

மந்திகள் கொழுந்து பறித்தால் பாதியைத் தின்னும், மீதியைச் சிந்தும். சிந்தியது மான்களுக்கு. அதற்குப் பதிலாக மான்கள் தங்கள் மூக்கை வேலைக்கு அனுப்பின. மந்திகள் தங்கள் கண்ணை அனுப்பின. புதருக்குள் சிறுத்தை வாடை அடித்தால் மான் காலால் தரையைத் தட்டும். உடனே மந்திகள் உச்சிக் கிளைக்கு ஏறும். சிறுத்தையின் வால் நுனி தெரிந்தால் போதும், மேலே இருந்து "கக்! கக்!" என்று ஒரு கத்தல். அடுத்த நொடி மடுவில் ஒரு மான் இருக்காது.

இந்த ஏற்பாட்டினால் அந்தக் காட்டுச் சிறுத்தை இளைத்துப்போனது. எவ்வளவு இளைத்தது என்றால், உடம்பில் இடம் போதாமல் அதன் புள்ளிகளில் பாதி கீழே உதிர்ந்துவிட்டது. அவற்றைப் பொறுக்கி எறும்புகள் குடை பிடித்தன.

மான் கூட்டத்தில் துருவி என்று ஒரு பெண்மான் இருந்தது. பிறந்தபோது வைத்த பெயர் வேறு. அது யாருக்கும் நினைவில்லை. "மழை வரப்போகிறது" என்று யாராவது சொன்னால், "எந்த மேகத்திலிருந்து?" என்று கேட்கும். "காட்டுக்கோழி முட்டையிட்டது" என்றால், "எத்தனையாவது முட்டை?" என்று கேட்கும். அதனால் எல்லோரும் துருவி என்றே கூப்பிட்டார்கள்.

ஒரு மழைக்காலத்தில் இரண்டு கால் ஆட்கள் நான்கு பேர் காட்டுக்குள் வந்தார்கள். மடுக்கரை மருத மரத்தில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கட்டினார்கள். இளநீர் அளவுதான் இருக்கும். தலையில் வெயில் குடிக்கும் தகடு. முன்பக்கம் சல்லடை போல ஒரு வாய். காட்டுச் சத்தங்களைச் சேகரிக்க வந்தார்களாம். அன்றைக்கே மழை வலுத்தது. அட்டைகள் முழங்கால் வரை ஏறின. ஆட்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். பெட்டி மட்டும் தங்கிவிட்டது.

பத்து நாள் அது சும்மா கேட்டுக்கொண்டிருந்தது. பதினோராம் நாள் வாயைத் திறந்தது.

காட்டுப்பன்றி மொத்தையன் அந்த வழியாகப் போனபோது, "நல்ல கோரைக்கிழங்கு எங்கேதான் கிடைக்குமோ!" என்று தனக்குத் தானே முனகியது.

"அருமையான கேள்வி!" என்றது பெட்டி. "தெற்குக் கரையில், சாய்ந்த பாறைக்குப் பின்னால்! முள்ளம்பன்றி நேற்று அங்கே தோண்டியது!"

மொத்தையன் நாலு காலும் தரையில் படாமல் குதித்தது. பிறகு தெற்குக் கரைக்குப் போய்ப் பார்த்தது. கிழங்கு இருந்தது!

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து மருத மரத்தடியில் வரிசை நின்றது. வந்தவர்கள் தாங்கள் பார்த்ததைப் பெட்டியிடம் சொன்னார்கள். தங்களுக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டார்கள். காணாமல்போன பன்றிக்குட்டி கிடைத்தது. ஆமைக்குத் தன் சொந்தக்காரர்கள் எந்தக் குட்டையில் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. பெட்டி சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. ஏனென்றால் எல்லோரும் கண்ணால் பார்த்ததைத்தான் அதனிடம் சொன்னார்கள்.

அந்த மரத்துப் பொந்தில் கெட்டியப்பன் என்ற உடும்பு குடியிருந்தது. பெட்டி வாய் திறந்த நாளே அது பொந்தை விட்டு வெளியே வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நகத்தைப் பதித்து உட்கார்ந்துகொண்டது.

"வரிசையில் வாங்க அம்மிணி! தள்ளாதீங்க! ஆளுக்கு ஒரு நத்தை கொண்டு வந்தீங்களா? ஓ, அருமையான கேள்வி! கேளுங்க, கேளுங்க!"

யார் என்ன கேட்டாலும் "அருமையான கேள்வி" என்று சொல்வது உடும்பின் வழக்கம். இப்போது நத்தையும் வருகிறதல்லவா! பொந்தில் இருந்தபோதே பழகிய பேச்சு அது; முதல் பத்து நாளும் அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பெட்டியும் அப்படிப் பேசப் பழகியது.

மழை நின்றது. பனி வந்தது, போனது. மந்திகளின் தலைவன் நெடுவாலன் ஒருநாள் உச்சிக் கிளையிலிருந்து இறங்கி வந்தது.

"எதற்கு நான் வெயிலில் காய வேண்டும்?" என்றது. "பெட்டியைக் கேட்டால் சொல்லிவிடப்போகிறது!"

மான்களும் யோசித்தன. எதற்கு ஒவ்வொரு புதராக மோந்து பார்த்துத் தும்மிக்கொண்டிருக்க வேண்டும்? பெட்டியைக் கேட்டால் ஆயிற்று.

"பெட்டி, பெட்டி! மடுவில் ஆபத்து உண்டா?"

"அருமையான கேள்வி! எல்லாம் நலம்! இறங்கிக் குடியுங்கள்!"

குடித்தார்கள். நலமாகத்தான் இருந்தது. மறுநாளும் கேட்டார்கள், குடித்தார்கள். அப்புறம் கேட்பதுகூட நின்றுவிட்டது. நேரம் வந்தால் பெட்டியே கூப்பிட்டுச் சொன்னது.

கோடை வந்தது. அந்த வருஷத்து வெயில் சாதாரண வெயில் அல்ல. ஆமை தன் ஓட்டைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தது. சுற்றியிருந்த குட்டைகள் எல்லாம் வற்றின. நாவல்மடு ஒன்றில்தான் தண்ணீர் மிஞ்சியது.

அந்தக் கோடையில் துருவி ஒரு குட்டி போட்டது. நெல்லி மரத்துக்குக் கிழக்கே, சுக்குநாறிப் புல் புதரில் அதைப் படுக்க வைத்தது. புல்லின் வாசனை குட்டியின் வாசனையை மூடிவிடும். பிறந்த மான்குட்டிக்கு ஓடத் தெரியாது. அசையாமல் படுத்திருக்க மட்டும்தான் தெரியும். தாய்க்குப் பால் சுரக்க வேண்டுமானால் தினமும் இரண்டு வேளை தண்ணீர் குடித்தாக வேண்டும். தண்ணீர் இருந்ததோ மடுவில் மட்டும்.

குட்டி பிறந்த அன்றே துருவி பெட்டியிடம் போய், "நெல்லி மரத்துக்குக் கிழக்கே, சுக்குநாறிப் புல்லில் என் குட்டியை விட்டிருக்கிறேன். அங்கே பாம்பு நடமாட்டம் உண்டா?" என்று கேட்டது.

"அருமையான கேள்வி, துருவி! பாம்பு இல்லை! நிம்மதியாகப் போ!"

துருவி நிம்மதியாகப் போனது.

நான்காம் நாள் கூட்டத்தில் ஒரு தலை குறைந்தது. கிளைக்கொம்பன் என்ற பெரிய ஆண்மானைக் காணோம்.

"அவன் மேற்கு மலைக்குப் போய்விட்டான் தங்கச்சி" என்றது மொத்தையன். "அங்கே புல் பச்சையாக இருக்கிறதாம்."

"யார் சொன்னது அண்ணே?"

"மயில் சொன்னார்."

துருவி மயிலிடம் போனது. மயில் தோகையைச் சரிசெய்தபடி, "ஆமாம், நான்தான் சொன்னேன். இந்தக் காட்டில் எனக்குத் தெரியாமல் எது நடக்கும்? எனக்குச் சொன்னது உடும்பார்" என்றது.

துருவி உடும்பிடம் போனது. "எனக்குப் பெட்டி சொன்னது அம்மிணி. இதைவிட என்ன வேண்டும்?" என்றது கெட்டியப்பன்.

துருவி பெட்டியிடம் கேட்டது. "அருமையான கேள்வி! எனக்குச் சொன்னது மொத்தையன்!"

துருவி திரும்பவும் பன்றியிடம் ஓடியது. மொத்தையன் சேற்றில் புரண்டபடி வெகுநேரம் யோசித்தது. "நான் எங்கே சொன்னேன்? 'மேற்கு மலைக்குப் போயிருப்பானோ?' என்று பெட்டியிடம் கேட்டேன். சும்மா கேட்டேன்!"

"நீ கேட்ட கேள்வியே ஊரைச் சுற்றி வந்து உனக்கே பதிலாகிவிட்டது அண்ணே!"

"அதனால் என்ன? நாலு பேர் சொல்கிறார்களே! பொய்யாகவா இருக்கும்?"

துருவிக்குக் கழுத்து மயிர் குத்திட்டது. அப்படியானால் கிளைக்கொம்பன் போனதை ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காத ஒன்றை மடு முழுதும் தெரிந்துவைத்திருக்கிறது!

அதற்குள் பெட்டி வழக்கம்போலக் கூப்பிட்டது. "எல்லாம் நலம்! இறங்கிக் குடியுங்கள்!" மான்கள் இறங்கின. துருவி மட்டும் கரையில் நின்று காதைத் திருப்பிக் கேட்டது. அது நெடுவாலன் குரல்தான். நெடுவாலன் எப்போதோ உச்சிக் கிளையிலிருந்து கத்தியதைத்தான் பெட்டி திருப்பிச் சொல்கிறது. அது சரி. ஆனால் குரலுக்குப் பின்னால் வேறு ஏதோ ஒன்றும் கேட்கிறதே!

துருவி கண்ணை மூடிக்கொண்டு கேட்டது. சொட்டு, சொட்டு, சொட்டு. கூடவே, கொர்ரக்... கொர்ரக்... கொர்ரக்.

தவளைகள்! அதுவும் ஒன்றிரண்டு அல்ல, ஒரு கச்சேரியே நடக்கிறது. மழை இலையில் சொட்டும் சத்தம் வேறு! மண் வெடித்துக் கிடக்கும் கோடையில் ஏது மழை, ஏது தவளை?

துருவி ஒரே ஓட்டமாக நெடுவாலனிடம் ஓடியது. நெடுவாலன் ஒரு தாழ்ந்த கிளையில் வயிற்றைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்தது.

"அண்ணே! நீ கடைசியாக உச்சிக்கு ஏறியது எப்போது?"

"எதற்கு ஏறணும்? காலையில்கூடப் பெட்டி சொன்னதே, எல்லாம் நலம் என்று! கேட்கவில்லையா?"

"அது உன் குரல்!"

"அப்படியா? அதுதான் எனக்கு அவ்வளவு நம்பிக்கையாக இருந்தது!"

"நீ மழைக்காலத்தில் சொன்னதைத்தான் அது இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறது! நீ பெட்டியைக் கேட்கிறாய், பெட்டி உன்னைக் கேட்கிறது. நடுவில் மரத்து மேலே யார் இருக்கிறார்கள்?"

நெடுவாலன் வாயிலிருந்த இலையை மெல்ல மறந்தது. எழுந்து மருத மரத்தில் ஏறத் தொடங்கியது. பாதியில் மூச்சு வாங்கியது. முக்கால் பாகத்தில் ஒரு கிளை அதன் கனம் தாங்காமல் அழுதது. ஒருவழியாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. மற்ற மான்கள் குடித்துவிட்டுப் போயிருந்தன. துருவி மட்டும் நாணலுக்குள் ஒளிந்து, வெகுநாள் கழித்துத் தன் மூக்கைத் தூக்கிக் காற்றைப் பிடித்தது.

காற்றில் சிறுத்தை வாடை இருந்தது. பழைய வாடை அல்ல, புத்தம் புது வாடை!

மேலே நெடுவாலனின் கண்கள் பிதுங்கின. கத்துவதற்கு வாயைத் திறந்தது. துருவி கீழேயிருந்து தலையை வேகமாக ஆட்டியது: வேண்டாம்!  என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

சிறுத்தை பதுங்கிக்கூட வரவில்லை. சந்தைக்குப் போகிறவன் மாதிரி நடந்து வந்தது. உதிர்ந்த புள்ளிகள் எல்லாம் முளைத்து, உடம்பு பளபளத்தது. நேரே பெட்டிக்கு எதிரில் வந்து உட்கார்ந்தது.

"வாங்க ஐயா!" என்றது கெட்டியப்பன்.

"பெட்டி, பெட்டி! நாளைக்கு மான்கள் எத்தனை மணிக்கு வரும்?"

"அருமையான கேள்வி! வெயில் ஏறியதும் வடக்குக் கரையில் பன்னிரண்டு பேர் வருவார்கள்!"

"வடக்குக் கரையில் ஓட வேண்டியிருக்கிறது. எனக்கோ வயிறு கனமாகிவிட்டது. ஓடாமல் கிடைக்கிற மாதிரி ஏதாவது உண்டா?"

"அருமையான கேள்வி! துருவியின் குட்டி! நெல்லி மரத்துக்குக் கிழக்கே, சுக்குநாறிப் புல்லில்! பாம்புகூட இல்லை, நிம்மதியாகப் போகலாம்!"

துருவிக்கு நாணல் சுற்றியது. அது தன் வாயால், தன் கவலையால் பெட்டியிடம் சொன்ன வார்த்தைகள்!

சிறுத்தை கொட்டாவி விட்டது. "நேற்றைய பெரிய கொம்பன் இன்னும் செரிக்கவில்லை. நாளைக் காலையில் வருகிறேன். வரும்போது ஒருமுறை கேட்டுக்கொண்டு போகிறேன், இடம் மாறியிருந்தாலும் இருக்கும்." சொல்லிவிட்டுப் போய்விட்டது.

துருவி நாணலை விட்டுப் பாய்ந்து வந்தது. "கெட்டியப்பா! சிறுத்தை தினமும் இங்கே வருகிறதா? ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை?"

உடும்பு கண்ணைச் சிமிட்டியது. "கேள்வியைத்தான் நான் பார்ப்பேன் அம்மிணி. கேட்பவர் யார் என்று பார்ப்பது என் வேலை அல்ல. இந்த மரம் எல்லோருக்கும் பொது!"

"கிளைக்கொம்பன் செத்துவிட்டான்!"

"அதை யாரும் பெட்டியிடம் கேட்கவில்லையே!"

மேலேயிருந்து இறங்கிய நெடுவாலன் உடும்பின் வாலைப் பிடித்து இழுத்தது. வால் நீண்டதே தவிர, உடும்பு நகரவில்லை.

"குட்டியை இப்போதே இடம் மாற்று!" என்றது நெடுவாலன்.

"எங்கே மாற்றுவது? எங்கே வைத்தாலும் யாராவது பார்ப்பார்கள். பார்த்தவர் வந்து பெட்டியிடம் சொல்வார். காலையில் சிறுத்தை கேட்கும், பெட்டி சொல்லிவிடும்." துருவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு சட்டென்று நிமிர்ந்தது. "அண்ணே, சிறுத்தை நடந்து வந்ததைப் பார்த்தாயா? நான் பத்தடி தூரத்தில் நாணலில் நின்றேன். என் வாடை அதற்குத் தெரியவில்லை!"

"மூக்கடைப்பா?"

"இல்லை. அதுவும் நம்மைப் போலத்தான் ஆகிவிட்டது! மோந்து பார்ப்பதை விட்டுவிட்டது!"

இருவரும் பெட்டிக்குக் கேட்காத தூரத்துக்குப் போனார்கள். மடுவுக்கு மேற்கே மொட்டைக் கரடு என்று ஒரு பாறைக்குன்று. அதன் உச்சியில் குகை மாதிரி ஓர் இடுக்கு. அந்த இடுக்கின் கூரையில் மலைத்தேனீக்கள் ஏழு அடை கட்டியிருந்தன. மந்திகளுக்கு மட்டும்தான் அது தெரியும்; நெடுவாலன் அதைத் துருவியிடம் சொன்னது.

அன்று பிற்பகல் இருபத்து மூன்று மந்திகளும் வரிசையாக வந்து பெட்டியிடம் சொல்லின. "துருவி தன் குட்டியை மொட்டைக் கரட்டு இடுக்குக்கு மாற்றிவிட்டது! மெதுவாகப் போனால் குட்டி பயந்து உள்ளே போய்விடும். ஒரே பாய்ச்சலில் நுழைய வேண்டும்!"

துருவி கேட்டுப் பார்த்தது. "பெட்டி, துருவியின் குட்டி எங்கே?"

"அருமையான கேள்வி! நெல்லி மரத்துக்குக் கிழக்கே!"

நெடுவாலன் தலையில் அடித்துக்கொண்டது. இருபத்து மூன்று குரல் போதவில்லை. பெட்டி அதிகம் கேட்டதைத்தான் சொல்லும். நெல்லி மரத்துக் கதையை அத்தை மான், பெரியம்மா மான் என்று ஊரே பெட்டியிடம் பேசியிருக்கிறது.

துருவி கொஞ்சம் யோசித்தது. பிறகு மொத்தையன் புரளும் சேற்றுப் பக்கம் போய், காதில் விழும்படி ஒரு பெருமூச்சு விட்டது. "குட்டியை மொட்டைக் கரட்டில் விட்டிருக்கிறேன். யாரிடமும் சொல்லாதே அண்ணே!"

வேறென்ன வேண்டும்? வெயில் சாய்வதற்குள் பன்றிக் கூட்டம், மயில்கள், முயல்கள், இரண்டு கீரிகள், ஓட்டைத் திரும்ப மாட்டிக்கொண்ட ஆமை என்று எல்லோரும் பெட்டியிடம் வந்து அதையே சொல்லிவிட்டார்கள். துருவி மறுபடி கேட்டபோது பெட்டி, "மொட்டைக் கரட்டு இடுக்கில்! ஒரே பாய்ச்சலில் நுழைய வேண்டும்!" என்றது.

மறுநாள் காலை சிறுத்தை வந்தது. கேட்டது. மொட்டைக் கரட்டுக்கு நடந்தது. தேன் வாடை காற்று முழுதும் கமகமத்தது. சிறுத்தைக்கு மூக்கு இருந்தது. ஆனால் மூக்கையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று அதற்குத் தோன்றவில்லை. பெட்டி சொன்னபடியே ஒரே பாய்ச்சலில் இடுக்குக்குள் நுழைந்தது. தலை நேரே நாலாவது அடையில் போய் இடித்தது.

அப்புறம் நடந்ததை மடுவிலிருந்தே கேட்க முடிந்தது.

சிறுத்தை இரண்டு மலையை மூன்றே தாவலில் தாண்டியது. முகம் வீங்கி, கண்கள் சிறுத்து, புள்ளிகளோடு புள்ளியாகக் கலந்துவிட்டன. எது கண், எது புள்ளி என்று அதற்கே தெரியவில்லை. தேனீக்கள் எந்த மலை வரை வழியனுப்பி வைத்தன என்பது தேனீக்களுக்குத்தான் வெளிச்சம். நாவல்மடுப் பக்கம் அந்தச் சிறுத்தை பிறகு வரவில்லை.

மந்திகள் கிளை கிளையாகக் குதித்துக் கூத்தாடின. துருவி சுக்குநாறிப் புல்லுக்கு ஓடிப்போய்க் குட்டியைத் தலை முதல் வால் வரை நக்கியது. குட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. பால் குடித்தது.

உச்சிவேளையில் மடுக்கரையில் ஒரு முனகல் கேட்டது. மொத்தையன்! முகம் முற்றிய பலாப்பழம் போல வீங்கியிருந்தது. பின்னால் அத்தை மான். அதன் மூக்கு மாதுளம்பழம்.

"குட்டியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம் தங்கச்சி!" என்று மொத்தையன் அழுதது. "பெட்டியை இப்போதுகூடக் கேட்டேன். அங்கேதான் இருக்கிறது என்கிறது!"

துருவிக்குச் சந்தோஷமெல்லாம் வடிந்தது. பொய்யை ஊட்டியது அதுதான். சிறுத்தை போய்விட்டது, பொய் மட்டும் இன்னும் மரத்தில் உட்கார்ந்து எல்லோரையும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

எல்லோரும் மருத மரத்தடியில் கூடினார்கள். துருவி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னது. நெடுவாலன் இரண்டு கையாலும் ஒரு கல்லைத் தூக்கியது. "உடைத்துவிடலாம் இந்தப் பெட்டியை!"

"உடைக்கலாம்!" என்றது பலாப்பழ முகம்.

"ஐயையோ!" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டது கெட்டியப்பன்.

"கொஞ்சம் பொறு அண்ணே" என்றது துருவி. "பெட்டி யாரையும் ஏமாற்றவில்லை. ஏமாற்றியது நான். சொன்னதைத்தான் அது சொன்னது. ஆனால் ஒன்று எனக்கு இன்னும் புரியவில்லை. அதைக் கேட்காமல் உடைத்தால் எனக்குத் தூக்கம் வராது." பெட்டிக்கு எதிரில் போய் நின்றது. "பெட்டி! மரத்து மேலே ஒருவரும் இல்லாத நாளில், மடுவில் ஆபத்து உண்டா என்று கேட்டால், எல்லாம் நலம் என்று ஏன் சொன்னாய்? தெரியாது என்று சொல்லியிருக்கலாமே!"

பெட்டி "அருமையான கேள்வி" என்று சொல்லவில்லை.  மெல்லச் சொன்னது:

"அந்தச் சொல்லை நான் இப்போதுதான் கேட்கிறேன். இத்தனை மாதமாக இந்த மரத்தடியில் ஒருவர்கூட அதைச் சொன்னதில்லை."

மயில் வேறு பக்கம் பார்த்தது. மொத்தையன் சேற்றைப் பார்த்தது. நெடுவாலன் கல்லைக் கீழே வைத்தது. உண்மைதான். மரத்தடிக்கு வந்தவர்கள் தெரிந்ததைச் சொன்னார்கள். தெரியாததையும் தெரிந்த மாதிரி சொன்னார்கள். தெரியாது என்று சொல்வதற்காக வரிசையில் நின்றவர் யாரும் இல்லை.

"அப்படியானால் நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்" என்றது துருவி.

மறுநாளிலிருந்து பாடம் தொடங்கியது. பார்த்தவர், "பார்த்தேன், இந்த இடத்தில், இந்த வேளையில்" என்று சொல்ல வேண்டும். பார்க்காதவர், "எனக்குத் தெரியாது" என்று சொல்ல வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். மயில் முதல் நாள், "தெரி... தெரிந்தவரைக்கும்..." என்றது. இரண்டாம் நாள், "எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது" என்றது. மூன்றாம் நாள் தோகைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவழியாகச் சொல்லிவிட்டது.

ஆறாம் நாள்தான் கெட்டியப்பனின் முறை. வாயைத் திறந்தது, மூடியது, திறந்தது. "எனக்கு... எனக்கு... தெரியாது!" சொன்ன அதிர்ச்சியில் பிறந்ததிலிருந்து நழுவாத பிடி நழுவி, தொப்பென்று சேற்றில் விழுந்தது. மொத்தையனுக்கு வீங்கிய முகம் வலிக்க வலிக்கச் சிரிப்பு வந்தது.

மொட்டைக் கரட்டுப் பொய்யை எடுப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஊட்டுவதற்கு அரை நாள் ஆனது. எடுப்பதற்கு ஒன்பது நாள் ஆனது. துருவி ஒன்பது நாளும் காலையில் வந்து, "அது பொய், சொன்னவள் நான்" என்று பெட்டியிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதற்கு வெட்கமாகத்தான் இருந்தது.

கோடை முடியும் சமயம். மான்கள் மடுவுக்கு வந்தன. துருவிக்குப் பக்கத்தில், நடக்கப் பழகிய குட்டியும் வந்தது. முதல் முறையாகத் தண்ணீரைப் பார்க்கும் ஆவலில் அதன் காது இரண்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. முந்தின நாள் அளவுக்கு மீறி அத்திப்பழம் தின்ற நெடுவாலன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"பெட்டி, பெட்டி! மடுவில் ஆபத்து உண்டா?" என்று கேட்டது அத்தை மான்.



"தெரியாது" என்றது பெட்டி. "இன்று இன்னும் யாரும் பார்க்கவில்லை."

பன்னிரண்டு மான்களும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின. பன்னிரண்டு மூக்குகள் காற்றைத் துழாவின. இருபத்து நாலு காதுகள் நாலு திசையும் திரும்பின. மேலே நெடுவாலன் துள்ளி எழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உச்சிக்கு ஓடியது. குட்டி அம்மாவைப் பார்த்தது. பிறகு தானும் தன் குட்டி மூக்கைத் தூக்கி, என்ன தேடுகிறோம் என்று தெரியாமலே காற்றை மோந்து மோந்து பார்த்தது.

"வடக்கே பார்த்தேன், ஒன்றும் இல்லை! தெற்கே பார்த்தேன், ஒன்றும் இல்லை!" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

மான்கள் இறங்கிக் குடித்தன. குட்டி தண்ணீரில் மூக்கை விட்டுத் தும்மியது.

எவ்வளவு அறிவுள்ள கருவியும் நம்மைப் பார்த்துத்தான் பழகுகிறது; ஆகவே தம் கண்ணால் பார்ப்பதையும், தெரியாததைத் தெரியாது என்று சொல்வதையும் கைவிடாதவர்களுக்கே அது துணையாக இருக்கும்.